ரொம்பக் குளிர்ந்தால் வாசனை வராது

வெள்ளை ஒயினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றக் கூடாது. நிறையப் பேருக்கு இது தெரியாது. கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டும். பாட்டிலின் மேல் பூத்த வேர்வை வழிந்து இறங்கிய பிறகு ஊற்றினால்தான் உள்ளே இருக்கிற எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், மழையில் நனைந்த புல் எல்லாம் மூக்குக்கு வந்து சேரும். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை வராது. புளித்த தண்ணீரைக் குடிக்கிற மாதிரிதான் இருக்கும்.

நீங்கள் கேட்டது கேஸ் ட்யூபைப் பற்றி. இவன் என்ன ஒயின் கதை பேசுகிறான் என்று பார்க்கிறீர்கள். இரண்டும் ஒரே கதைதான் ஐயா, வருகிறேன். முடிந்தால் நாற்காலியை இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். வெடித்ததிலிருந்து இடது காது அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் கேட்பது காதில் விழாமல் நான் பாட்டுக்கு வேறு ஏதாவது பதில் சொன்னால், மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பக்கத்துச் சலவைக் கடை அம்மா உங்களிடம் சொன்னது உண்மை. அவர் இல்லாததைச் சொல்கிற ஆள் இல்லை. அன்றைக்குக் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "கேஸ் வாசனை வருதேடா" என்று என் அண்ணன் சொன்னதைக் கேட்டிருக்கிறார். செத்துப்போன மனிதருக்கு மாதக்கணக்காக வாசனையே தெரியாது என்று அண்ணி சொல்கிறார், டாக்டர் சொல்கிறார், நானும் முதல் நாள் உங்களிடம் அதைத்தான் சொன்னேன். வாசனை தெரியாத ஆள் எப்படி அப்படிச் சொல்வார் என்று நீங்கள் குழம்புவது நியாயம்தான். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதி.

எங்கள் சாப்பாட்டுக் கடையை இடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறீர்கள். முன்னால் பார்த்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும். சரிவான தெரு. ஒரு பக்கம் சலவைக் கடை, மறு பக்கம் சாவி வெட்டுகிற கடை, நடுவில் நாங்கள். மேஜைகளில் ஒன்று எப்போதும் ஆடும், அதன் காலுக்கு அடியில் மடித்த அட்டை வைத்திருப்போம். பின்னால் சமையலறை. அதற்கும் பின்னால், குப்பைத் தொட்டிகள் வைக்கிற சின்ன முற்றம். மாடியில் அண்ணன், அண்ணி, நான், மூன்று பேரும் குடியிருந்தோம். சமையல் அண்ணன். கல்லாவும் காய்கறி வாங்குவதும் அண்ணி. நான் ஒயின் ஊற்றுகிறவன்.

அதற்கு முன்னால் நான் இன்சூரன்ஸ் விற்றேன், செருப்புக் கடையில் நின்றேன், ஒரு லாரி ஆபீஸில் போன் எடுத்தேன். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் அண்ணன்தான் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். "இவன் எதுல கை வச்சாலும் ஊத்திக்கும். அதான் ஊத்துற வேலையே குடுத்துட்டேன்" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்வார். மேஜைக்கு மேஜை சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ரோஷக்காரன் என்று பெயர் வந்துவிடும். தண்டச்சோறு என்று வாய்விட்டு அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மனுஷன். அவரைப் பற்றித் தப்பாக எதுவும் எழுதிவிடாதீர்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அவருடைய மூக்கு அப்படி ஒரு மூக்கு. பால் பொங்கப் போகிறது என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பார். மீன்காரர் கூடையை இறக்கி வைப்பதற்குள் "அதுல ஒண்ணு நேத்தையது, அதை உங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க" என்பார். மீன்காரர் சத்தியம் செய்வார், கோபப்படுவார், பிறகு அந்த ஒன்றை ஓசைப்படாமல் எடுத்து ஓரமாக வைப்பார். அண்ணன் உப்பு போட்டால்கூட அளவு பார்த்துப் போட மாட்டார், ஆவியை மோந்து பார்த்துப் போடுவார். நான் ஏதாவது சொல்லப் போனால் ஒரே பதில்தான்: "சமையல்ல நீ மூக்கை நுழைக்காதே."

ஒயினை மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டிருந்தார். அவருக்கு அதில் அக்கறை இல்லை என்பதால். கடைக்கு என்று ஒரு வெள்ளை ஒயினைத் தேடிப் பிடித்தது நான்தான். விலை குறைவு. வேலை முடிந்து களைத்து வருகிற நர்ஸ்கூட, பர்ஸைத் திறந்து பார்க்காமல் ஒரு கிளாஸ் கேட்கலாம். கார்க் கிடையாது, திருகு மூடிதான். இனிப்பு துளிகூடக் கிடையாது. குடித்ததும் வாய் கழுவி விட்ட மாதிரி இருக்கும், அடுத்த கவளத்துக்கு நாக்கு தானாகத் தயாராகிவிடும். விஷயம் தெரிந்த மாதிரி பேசுகிற சிலர் மூடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். ஒரு வாய் குடித்த பிறகு பேச மாட்டார்கள். என் வாழ்க்கையில் நான் தேர்ந்தெடுத்து, யாரும் குறை சொல்லாத பொருள் அது ஒன்றுதான்.

ஒயினுக்கும் சாப்பாட்டுக்கும் ஜோடி சேர்ப்பது சம்பந்தம் பேசுகிற மாதிரி. பொருத்தம் பார்க்கிறவர்கள் நிறையைப் பார்ப்பார்கள், நான் குறையைப் பார்ப்பேன். எண்ணெயில் பொரித்த கணவாய் தனியாகத் தின்றால் திகட்டும், இந்த ஒயினின் புளிப்பு அந்த எண்ணெயை அறுத்துவிடும். ஒயின் தனியாகக் குடித்தால் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், ஆட்டுப்பால் சீஸோ உப்பு போட்ட சிப்பியோ பக்கத்தில் இருந்தால் அது பணிந்து போகும். எலுமிச்சை பிழிந்த மீனோடு சேர்ந்தால் இரண்டு புளிப்பும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். மாட்டுக் கறியோடு வைத்தால் ஒயின் காணாமல் போய்விடும், காரத்தோடு வைத்தால் கசக்கும். ஒன்றுக்கு ஒன்று தேவைப்பட வேண்டும். தேவை இல்லாத இடத்தில் ஜோடி நிற்காது. இதை நான் எல்லாருக்கும் சொல்வேன், அண்ணனைத் தவிர. அவர் காது கொடுத்தது கிடையாது.

போன குளிர்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஊர் முழுக்க இருந்த காய்ச்சல்தான். விட்டுப் போனபோது மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது.

தேறி வந்து கீழே இறங்கிய முதல் நாள், அடுப்பில் வெண்ணெயை வைத்துவிட்டுத் திரும்பி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வெண்ணெய் கருகி, நெடி வெளியே மேஜை வரைக்கும் வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா இருமினார். நான் உள்ளே ஓடினேன். அண்ணன் அப்போதுதான் திரும்பி வாணலியைப் பார்த்தார். குனிந்து, புகைக்குள்ளேயே முகத்தைக் கொண்டுபோனார்.

"புகை தெரியுது," என்றார். "வாசனை எங்கடா?"

அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் பெரியவர்கள் கையை விட்டுவிட்டால் குழந்தை ஒன்று சுற்றிச் சுற்றிப் பார்க்குமே, அப்படி.

"வெளியில மூச்சு விடாதே," என்றார். "தெரிஞ்சா கடைக்கு ஒருத்தன் வர மாட்டான்." பிறகு ஒரு கரண்டி சூப்பை எடுத்து என் பக்கம் நீட்டினார். "நீ கொஞ்சம் மோந்து பாரு."

அன்றிலிருந்து நான் சமையலறையில் அவர் பக்கத்தில் நின்றேன். மீன்காரர் வந்தால் அண்ணன் முறைத்துப் பார்ப்பார், நான் தலையை அசைத்தால் வாங்குவார், அசைக்காவிட்டால் திருப்புவார். குழம்பு எப்போது இறங்க வேண்டும், பூண்டு எப்போது சிவந்தது, எல்லாம் நான் சொல்வேன். கொஞ்சம் கொஞ்சமாக என்ன சமைப்பது என்பதையும் நானே சொல்ல ஆரம்பித்தேன். சிப்பி வேகிற தண்ணீரில் என் ஒயினையே ஒரு கிளாஸ் ஊற்றச் சொன்னேன். கோழிக்கு மசாலாவைக் குறைத்து வெண்ணெயும் பச்சை இலைகளும் போடச் சொன்னேன். ஒயினுக்காகச் சாப்பாடு மாறியது ஐயா. சாப்பாட்டுக்காக ஒயின் இல்லை. வாடிக்கையாளர்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணி எனக்கு முதலில் பரிமாறினார். நான் ஓரத்தில் உட்காருகிறவன், என் தட்டு அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வந்தது. "நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான்டா ஒரு ஆளு" என்று அண்ணன் என் தோளில் கை போட்டுச் சொன்னார். ஊத்திக்கிற ஜோக்கை அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். அண்ணனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற வருத்தமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் கண் விழித்ததும் என்னை யாரோ தேடுவார்கள் என்ற நினைப்போடு எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்கு அது தினமும் இருந்திருக்கும். அதனால் புரியாமல் போகலாம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் அம்மாவிடம் அண்ணிதான் கூட்டிப் போனார். மருந்து எதுவும் கிடையாது, பயிற்சிதான் என்றார் அவர். நன்றாகப் பழகிய சில வாசனைகளைச் சின்னப் பாட்டில்களில் வைத்து, தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்க வேண்டும். மூக்கு மறந்ததை மெல்ல ஞாபகப்படுத்துகிற மாதிரி. "பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து, சொல்றது சரியா தப்பான்னு உடனே சொல்லணும். அது ரொம்ப முக்கியம்" என்றார். காலையில் அண்ணி மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். அதனால் அந்த வேலை என்னுடையது ஆனது.

கிராம்பு, காபித் தூள், எலுமிச்சை. நாலாவதாக நம்ம ஒயினையே வைத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். அதை அவர் 'நம்ம ஒயின்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. காற்று வந்தால் வாசனைகள் கலந்துவிடும் என்று சமையலறை ஜன்னல்களையும் கதவையும் நான் மூடிவிடுவேன். அண்ணன் கண்ணில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்காருவார். நான் ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே பிடிப்பேன். குளிர்காலம் முழுக்க, "ஒண்ணும் இல்லடா" என்பதே பதில். "பரவாயில்லண்ணே, நாளைக்குப் பார்க்கலாம்" என்பேன். மனதாரத்தான் சொன்னேன்.

வெயில் ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் நான் எலுமிச்சையைப் பிடித்தேன். அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூச்சை மறுபடி இழுத்தார்.

"எலுமிச்சையாடா?"

நான் எலுமிச்சை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னது வேறு.

"இல்லண்ணே. கிராம்பு."

ஏன் என்று கேட்பீர்கள். யோசித்துச் சொன்னது இல்லை. முதல் நாளே நம்பிக்கை கொடுத்து, அது பொய்யாகப் போனால் மனுஷன் உடைந்துவிடுவாரே என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நாள் பார்த்து, நிச்சயமான பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் அவர் காபியைச் சரியாகச் சொன்னார். அன்றைக்கும் இல்லை என்றேன். அதற்கு அடுத்த நாள் எலுமிச்சையை மறுபடி சொன்னார். ஒரு தடவை இல்லை என்று சொன்ன பிறகு ஆமாம் என்று எப்படிச் சொல்வது. அப்படியே போய்விட்டது.

டாக்டரிடம் அண்ணன் இதைச் சொன்னார். வாசனை வருகிற மாதிரி இருக்கிறது, ஆனால் எல்லாமே தப்பாக வருகிறது என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். மூக்கு போனவர்களுக்குச் சில சமயம் இல்லாத வாசனை வருமாம். மூளை பண்ணுகிற வேலையாம். எனக்கு அந்த வார்த்தை உதவியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதைச் சரியாகச் சொன்னாலும் "இல்லாத வாசனைண்ணே" என்று சொன்னால் போதும், தலையை ஆட்டி விட்டுவிடுவார்.

ஒயின்தான் கஷ்டம் கொடுத்தது. அதைக் கிளாஸில் ஊற்றினால் அவர் ஏமாற மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை விடிகாலையிலேயே ஃப்ரீசரில், ஐஸ் தட்டுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். உறைவதற்கு ஒரு மயிரிழை முன்னால் எடுத்து, கிளாஸையும் சேர்த்துக் குளிர வைத்து ஊற்றுவேன். அதில் உங்களுக்கோ எனக்கோகூட எதுவும் வராது. அண்ணன் மூக்கை உள்ளேயே விட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பார்.

"எனக்கு நல்லா வருதுண்ணே. எலுமிச்சைத் தோலு, பச்சை ஆப்பிள், புல்லு. உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இல்லடா."

அந்த ஒன்றில் நான் பொய் சொல்லவில்லை பாருங்கள். அவருக்கு உண்மையிலேயே எதுவும் வரவில்லை.

அண்ணன் மெல்ல மெல்ல மங்கிப் போனார். சமைக்கும்போது எதையாவது முணுமுணுத்துக்கொண்டே சமைக்கிறவர், வாயை மூடிக்கொண்டார். ஷேவ் செய்வதை விட்டுவிட்டார். ஒரு தடவை நான் முற்றத்திலிருந்து உள்ளே வந்தபோது, எலுமிச்சைக் கூடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு பழத்தைப் பிளந்து முகத்தில் அப்பிக்கொண்டிருந்தார். சாறு கழுத்து வரைக்கும் வழிந்திருந்தது.

"இது எலுமிச்சைன்னு என் மூக்கு சொல்லுது," என்றார். "ஆனா அது பொய் சொல்லுதுல்ல?"

"கண்ணால பாத்துட்டீங்கல்ல, அதனால மூளை சொல்லுதுண்ணே."

அவர் அழுதார். நான் துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். சின்ன வயதில் அவர் எனக்கு அப்படித் துடைத்துவிட்டிருக்கிறார். "இனிமே என் மூக்கை நான் கேக்க மாட்டேன்டா," என்றார். "நீ சொல்றதுதான் வாசனை." எனக்கும் அழுகை வந்தது. அவரை அந்த நிலையில் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அவரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அன்றோடு முடிந்துபோனது, அதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அண்ணிக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. ஒரு நாள் கல்லாவில் வைத்து மெதுவாகச் சொன்னார். "நேத்து காபி போட்டப்ப டக்குனு தலையைத் திருப்பினாரு தம்பி. அவருக்கு வருதோன்னு தோணுது."

"பாத்திரச் சத்தம் கேட்டுத் திரும்பியிருப்பார் அண்ணி. நீங்க ஆசை காட்டிட்டு, அப்புறம் இல்லன்னு ஆனா அவரு தாங்குவாரா?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு "நீங்க சொல்றதும் சரிதான்" என்றார். ஆனால் பெண்கள் அப்படி விடுவதில்லை. எனக்குத் தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாள் வாங்கிவிட்டார். அங்கே மெஷின் இருக்கிறதாம். ஒரு குழாய் வழியாக அதுவே வாசனையை அனுப்புமாம், நோயாளி பட்டனை அமுக்கிப் பதில் சொல்ல வேண்டுமாம். "கூட யாரும் உட்கார மாட்டாங்களாம். சரியா தப்பான்னு அதுவே சொல்லிடுமாம்" என்று சாப்பிடும்போது அண்ணி சொன்னார். அண்ணனுக்கு இஷ்டமே இல்லை. அவர் மனசு விட்டுப் போயிருந்தது. அண்ணி கையைப் பிடித்துக் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்தார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

இப்போது கேஸ் ட்யூப். அது பழைய ட்யூப். சிலிண்டர் வாய்க்குப் பக்கத்தில் வெடிப்பு விட்டிருந்தது. எப்போதாவது லேசாக நெடி வரும், சிலிண்டரை மூடிவிட்டால் அடங்கிவிடும். கேஸ்காரருக்குச் சொல்லச் சொல்லி அண்ணி என்னிடம்தான் சொன்னார். சொல்லிவிட்டேன் என்றேன், சொல்லவில்லை. முதலில் அது சோம்பேறித்தனம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்த பிறகு அது சோம்பேறித்தனம் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிற காலையில் நான்தான் முதலில் கீழே இறங்கினேன். சிலிண்டர் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே மூடாமல் இருந்தது. கடைசியாகச் சமையலறையை விட்டுப் போனது நான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததுமே கண் எரிகிற அளவுக்கு நெடி. பயிற்சிக்காக எப்போதும் மூடுகிற மாதிரி ஜன்னல்கள் மூடியிருந்தன. நான் அவற்றைத் திறக்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஃப்ரீசரிலிருந்து இல்லை, ஃப்ரிட்ஜிலிருந்து. அன்றைக்கு அதைச் சரியான குளிர்ச்சியில் ஊற்றி, அண்ணன் கையில் கொடுத்து, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. நிஜமாகவே இருந்தது. அதற்காகத்தான் பாட்டில் வெளியே இருந்தது.

அண்ணி பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தார். வழியில் சாப்பிடப் பழம் வாங்கி வரச் சொல்லி அவரை அனுப்பினேன். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவருக்கு எதுவும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

அண்ணன் வந்தார். அன்றைக்கு ஷேவ் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். ஒரு வாய் காபி போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அடுப்புப் பக்கம் போனார். பாதியில் நின்றார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கேஸ் வாசனை வருதேடா."

சலவைக் கடை அம்மா கேட்டது இதைத்தான். நான் சொன்ன பதில் அவர் காதில் விழுந்திருக்காது, நான் சத்தமாகப் பேசுகிற பழக்கம் இல்லை.

"இல்லண்ணே. இல்லாத வாசனை."

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி மூச்சை இழுத்தார். அவருடைய மூக்கு அவரிடம் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அது பொய்யே சொல்லாத மூக்கு, ஐயா. ஒரு நிமிஷம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். திறக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திறந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். நான் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் அவர் சிரித்தார். வெகு நாள் கழித்து அப்படிச் சிரித்தார். "நல்லவேளை நீ இருக்கே. இல்லன்னா நான் கிறுக்கனாட்டம் ஊரைக் கூட்டியிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே லைட்டரை எடுத்தார்.

நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். தீயிலிருந்து தப்பி ஓடிய ஆள் கையில் உடையாத ஒயின் பாட்டில் எப்படி என்று முதல் நாள் கேட்டீர்களே, அதற்கும் இதுதான் பதில். நான் ஓடவில்லை. முன்னாலேயே வெளியே வந்துவிட்டேன். பாட்டில் உடையக் கூடாது என்று கையில் எடுத்து வந்தேன்.

அவ்வளவுதான். என் அண்ணனைக் கொன்றது நான். இதை நீங்கள் எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். தண்டனை பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் என்னைத் தேட இப்போது யாரும் கிடையாது, அதனால் எங்கே கண் விழித்தால் என்ன.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். அடக்கம் முடிந்து வந்த அன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குத் தெரியவே இல்லையா தம்பி?" என்று கேட்டார். "தெரியல அண்ணி, வாசனை தெரியாததால பயமே இல்லாம போயிட்டார்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அவரிடம் மூக்கு திரும்பி வந்த கதையைச் சொல்லாதீர்கள். மனுஷி தாங்க மாட்டார். நான் யோசிப்பதெல்லாம் அவரைப் பற்றித்தான்.

வேண்டுமானால் ஒன்று சொல்லுங்கள். கடைசி மூச்சு வரைக்கும் அண்ணன் என்னைத்தான் நம்பினார், அந்த நம்பிக்கையை நான் ஒரு நாளும் கெடுக்கவில்லை என்று.